பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. வீட்டு முயலை யார் பார்ப்பது?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்து, எந்தக் கல்லூரி என்பதும் முடிவாகிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். ஹாஸ்டல் கட்டணம், மெத்தை, வாளி, தொழுகை விரிப்பு, அங்கே ஹலால் சாப்பாடு கிடைக்குமா, பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்துப் பட்டியல் போடுகிறோம். முயல் வளர்க்கும் வீடுகளில் இந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டும் விடுபட்டுப் போகிறது. பிள்ளை ஊரைவிட்டுப் போன மறுநாள் காலையில் அந்த முயலுக்குப் புல் வைப்பது யார் என்பதே அந்த வரி.

யாரும் கேட்காத அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் தானாகவே ஒரு பதில் கிடைத்துவிடுகிறது: உம்மா பார்த்துக்கொள்வார்கள். வாப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் சமையல், பாங்க் வேலை, கரண்ட் பில், மற்ற பிள்ளைகளின் படிப்பு, வயதானவர்களின் மருந்து எல்லாம் ஏற்கெனவே அவர்கள் தலையில்தான் இருக்கின்றன. சம்மதம் கேட்காமல், விவரமும் சொல்லிக்கொடுக்காமல் ஓர் உயிரையும் அவர்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவது உம்மாவுக்கும் நியாயமில்லை, முயலுக்கும் நியாயமில்லை. இதை எப்படி முறையாகச் செய்வது என்பதைப் பார்ப்போம்.

முயலின் ஆயுளும் படிப்பின் காலமும்

முயல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இறந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சரியான உணவும் நிழலும் கிடைத்தால் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். இந்த ஒரு விவரம் தெரியாததால்தான் பல வீடுகளில் சிக்கல் வருகிறது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளை பெருநாள் காசில் ஒரு முயல்குட்டி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது முயலுக்கு மூன்று அல்லது நான்கு வயது. பி.ஏ., பி.எஸ்சி. என்றால் மூன்று ஆண்டுகள், பொறியியல் என்றால் நான்கு, எம்.பி.பி.எஸ். என்றால் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதாவது முயலின் நடுவயது முழுவதும், அதிகக் கவனிப்பு தேவைப்படும் முதுமையின் தொடக்கமும், பிள்ளை வெளியூரில் இருக்கும் காலத்தில்தான் வருகின்றன. படிப்பு முடிந்ததும் வேலை, வெளிநாடு, நிக்காஹ் என்று வாழ்க்கை வேறு பக்கம் போகிறது. எனவே 'படிப்பு முடியும் வரை சமாளிப்போம்' என்பது பெரும்பாலும் 'அதன் கடைசி நாள் வரை நாமே பார்ப்போம்' என்பதில்தான் போய் முடியும். குடும்பம் இதை முதலிலேயே தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

வைத்திருப்பவர் மீதுள்ள கடமை

ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் உணவு கொடுக்காமல், அது வெளியே போய்த் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகத் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாகச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ள இந்த ஹதீஸ் நம் பிள்ளைகள் மதரசாவிலேயே படித்ததுதான். அபூதாவூதில் இன்னொரு செய்தி இருக்கிறது. அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபியவர்களைக் கண்டதும் கண்ணீர் விட்டது. அதைத் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்திய நபியவர்கள், அதன் சொந்தக்காரரை அழைத்து, அல்லாஹ் உன் கையில் ஒப்படைத்த இந்தப் பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா என்ற கருத்தில் கண்டித்தார்கள். அதைப் பட்டினி போட்டதும், ஓய்வில்லாமல் வேலை வாங்கியதும்தான் குற்றம்.

ஃபிக்ஹ் நூல்களும் இதைச் சட்டமாகவே பேசுகின்றன. பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது அதன் சொந்தக்காரர் மீது கடமை; இயலாவிட்டால் அதை விற்றுவிட வேண்டும்; உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணியாக இருந்தால் அறுக்கலாம்; கவனிக்காமல் வைத்திருக்க மட்டும் வழியில்லை என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் எழுதியுள்ளனர்.

இதிலிருந்து நமக்கு விளங்குவது ஒன்றுதான். முயலின் சொந்தக்காரரான பிள்ளை ஊர் மாறினாலும் பொறுப்பு மாறுவதில்லை. அதை இன்னொருவரிடம் தெளிவாக ஒப்படைக்கலாம். ஒப்படைக்காமல் கிளம்புவதுதான் தவறு.

குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்

மார்ச் மாதம் தேர்வு முடிந்ததிலிருந்து கல்லூரி திறக்கும் வரை சில மாதங்கள் கையில் இருக்கின்றன. அந்த இடைவெளியில் ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து மஷூரா செய்யுங்கள். மூன்று விஷயங்களுக்கு விடை கிடைக்க வேண்டும்.

முதலாவது, பொறுப்பு யாருக்கு? 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். 'தம்பி புல் வைத்திருப்பான்' என்று அக்காவும், 'அக்கா வைத்திருப்பாள்' என்று தம்பியும் இருந்துவிட்டால் முயல் பட்டினி கிடக்கும். ஒருவரின் பெயரைச் சொல்லி முடிவு செய்யுங்கள். பத்து வயதுத் தம்பியோ தங்கையோ ஆசையாக முன்வந்தால் தினசரி வேலையைக் கொடுக்கலாம். ஆனால் நடந்ததா என்று பார்க்கும் பொறுப்பு ஒரு பெரியவரிடம் இருக்க வேண்டும். அந்தப் பெரியவர் மனதார ஒப்புக்கொண்டவராக இருக்க வேண்டும். உம்மா 'என்னால் முடியாது' என்று சொன்னால் அது கல்நெஞ்சம் அல்ல, நேர்மையான பதில். அதை ஏற்று வேறு வழி தேடுவதுதான் பிள்ளைக்கு அழகு.

இரண்டாவது, செலவு யாருடையது? மாதாமாதம் தீனிச் செலவு எவ்வளவு என்பதை எழுதிப் பாருங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் எடுத்துக்கொள்ள ஒரு தொகையைத் தனியாக வையுங்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளை தன் கைச்செலவுப் பணத்தில் சிறு பங்காவது கொடுக்கட்டும். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பொறுப்பு தன்னுடையது என்ற நினைவு அதில் இருக்கும்.

மூன்றாவது, வீட்டில் யாருக்காவது சிரமம் இருக்கிறதா? காய்ந்த புல்லின் தூசி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. முட்டி வலி உள்ள பாட்டியால் குனிந்து கூண்டைச் சுத்தம் செய்ய முடியாது. தொழும் இடத்தில் முயல் அசுத்தம் செய்துவிடுகிறது என்பது பல வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் குறை. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் பழைய செய்தித்தாளும் காய்ந்த புல்லும் போட்ட ஒரு ட்ரேயை வைத்துப் பழக்கினால் குறை பெருமளவு தீரும். இந்தப் பழக்கத்தைப் பிள்ளை கிளம்பும் முன்பே ஏற்படுத்திவிட வேண்டும்.

ஒரு மாத ஒத்திகை

முயல் காட்டில் மற்ற விலங்குகளுக்கு இரையாகும் இனம். அதனால் நோயை மறைத்துக்கொள்வது அதன் இயல்பு. நாயைப் போலக் குரைத்தோ பூனையைப் போலக் கத்தியோ எதையும் சொல்லாது. அது எப்படி உட்காரும், எந்த நேரத்தில் துள்ளும், புழுக்கை எந்த அளவில் இருக்கும் என்பதெல்லாம் மூன்று ஆண்டுகள் கூடவே இருந்த பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது. அந்தப் பழக்கத்தைத்தான் கைமாற்றிக் கொடுக்க வேண்டும்.

எனவே கிளம்புவதற்கு முந்தைய ஒரு மாதம் முழுவதும் பொறுப்பேற்பவரே எல்லா வேலையையும் செய்யட்டும். பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லிக்கொடுக்கட்டும். முயல் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். நம் வீடுகளுக்கு இது வசதியானது. ஃபஜ்ரு தொழுத பிறகு ஒருமுறை, மஃக்ரிபுக்குப் பிறகு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நோன்பு மாதத்திலும் நேரம் மாறாது.

அந்த ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியவை:

உணவு: முயலின் உணவில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். நார்ச்சத்துள்ள புல்லை மென்றுகொண்டே இருந்தால்தான் பல் தேயும், குடலும் ஓடும். அருகம்புல், காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும். கடையில் விற்கும் பெல்லட் தீவனம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை ஆகியவற்றை நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம். பிரியாணி சமைக்கும் நாளில் மிஞ்சும் புதினா, மல்லித் தண்டுகள் முயலுக்கு விருந்துதான். கேரட்டும் பழமும் இனிப்பு போன்றவை. சிறு துண்டு போதும்.

கொடுக்கக் கூடாதவை: சோறு, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு, இனிப்பு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நஞ்சு. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளும் சிறுவர்களும் அன்பினால் எதையாவது நீட்டுவார்கள். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. தின்றது உள்ளேயே தங்கித் தொல்லை கொடுக்கும். கூண்டின் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

தண்ணீர்: இரண்டு கிலோ முயல் ஒரு நாளில் சுமார் 100 முதல் 300 மில்லி வரை குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். தொங்கவிடும் பாட்டிலின் முனை அடைத்துக்கொண்டால் வெளியே தெரியாது. கனமான மண் கிண்ணம் ஒன்றையும் சேர்த்து வைப்பது பாதுகாப்பு.

புழுக்கை: முயல் சில நேரங்களில் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்னும். பார்ப்பவர்கள் அருவருப்படைந்து தடுத்துவிடக் கூடாது. அதிலிருந்துதான் அதற்கு முக்கியமான சத்துகள் கிடைக்கின்றன. அது இயற்கையான பழக்கம்.

தூக்கும் முறை: காதைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. ஒரு கையை நெஞ்சுக்குக் கீழேயும் மறு கையைப் பின்னங்கால்களுக்குக் கீழேயும் கொடுத்து உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். பின்னங்கால்களைத் தாங்காவிட்டால் உதறும்போது முதுகெலும்பே முறிந்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து தடவிக்கொடுக்கட்டும்; தூக்க வேண்டாம்.

எடை: வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டு, எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாத நோயை எடை முதலில் காட்டிவிடும். நகத்தை மாதம் ஒருமுறை கவனித்து நுனியை மட்டும் வெட்ட வேண்டும்.

நம் ஊர் வெயில்

நாம் வளர்க்கும் வீட்டு முயல் ஐரோப்பிய முயலின் வழிவந்தது. நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடித்து வளர்ப்பதே குற்றம். தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் கொடைக்கானல் அருகே மன்னவனூரிலும் நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் அரசு நிலையங்கள் இருக்கின்றன. இரண்டுமே குளிர்ச்சியான மலைப்பகுதிகள் என்பதிலிருந்தே இந்தப் பிராணிக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது விளங்கும். சமவெளியிலும் கடற்கரை ஊர்களிலும் முயல் வாழ முடியும். ஆனால் நம் கவனம் வேண்டும்.

முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. காதுகளின் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றுகிறது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம் தொடங்கிவிடும். மொட்டை மாடியில் தகரக் கொட்டகையின் கீழ் வைத்த கூண்டு கத்திரி வெயிலில் அடுப்புக்குச் சமம். வீட்டுக்குள், தரைத்தளத்தில், காற்று வரும் நிழலான இடமே சரி. பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றிக் கூண்டில் வைத்தால் முயல் அதில் சாய்ந்துகொள்ளும். ஒரு டைல்ஸ் துண்டும் போடலாம். காதை ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிடலாம். முயலை அப்படியே தண்ணீரில் முக்கக் கூடாது. அதிர்ச்சியிலேயே இறந்துவிடும் அபாயம் உண்டு.

கல்லூரி திறந்த பிறகு வரும் முதல் கோடையில் பிள்ளை செமஸ்டர் தேர்வில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களை வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே சமாளிக்க வேண்டும் என்பதை மனதில் வைத்து ஏற்பாடு செய்யுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

முயல் 12 மணி நேரம் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. குடல் இயக்கம் நின்றுபோனதன் அடையாளம் அது. 'நாளைக்குப் பார்ப்போம்' என்று விட்டுவிட்டால் பல நேரங்களில் நாளை இருக்காது. கூனிக்கொண்டு ஒரே மூலையில் உட்கார்ந்திருப்பது, பற்களை நறநறவென்று கடிப்பது, தாடையில் எச்சில் வழிவது, தலை ஒரு பக்கம் சாய்வது, வாயைத் திறந்து மூச்சுவிடுவது ஆகியவையும் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள். மழைக்காலத்தில் பின்புறம் அழுக்காக இருந்தால் ஈ முட்டையிட்டு, சில மணி நேரத்திலேயே புழு வைத்துவிடும். தினமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாமாக மருந்து கொடுப்பது மிக ஆபத்தானது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமாக்ஸிசிலின் போன்ற மருந்தை வாய்வழியே கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து முயல் இறந்துவிடக்கூடும். நாய், பூனைக்கு உண்ணிக்காக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது.

எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் முயலைப் பார்த்துப் பழக்கம் இருக்காது. உங்கள் ஊரில் யார் முயல் பார்ப்பார் என்பதை முன்கூட்டியே விசாரித்து, எண்ணை உம்மாவின் போனில் பதிந்து வையுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி ஆகிய இடங்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகள் பக்கத்து மாவட்டங்களுக்கும் உதவும். பிள்ளை கிளம்பும் முன் ஒருமுறை பொறுப்பேற்பவரோடு சேர்ந்து முயலை அங்கே காட்டிவிட்டு வந்தால், அவசரத்தில் வழி தேட வேண்டியிருக்காது.

ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்தால் கட்டாயம் பிரித்து வையுங்கள். முயலின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 31 நாட்கள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினைப்பிடிக்கும். இரண்டாக விட்டுச் சென்ற முயல்கள் அரையாண்டு விடுமுறைக்குள் பன்னிரண்டாகி இருந்தால் உம்மா என்ன செய்வார்கள்? கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யாத பெண் முயல்களுக்கு வயதானபின் கருப்பைப் புற்றுநோய் வருவது அதிகம் என்கிறது கால்நடை மருத்துவம். பிராணிகளுக்குக் கருத்தடை செய்வதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், மருத்துவரிடமும் ஆலிம் ஒருவரிடமும் கேட்டு முடிவெடுக்கலாம்.

கூடவே கொண்டுபோக முடியுமா?

பிரியமாக வளர்த்த பிள்ளை முதலில் கேட்பது இதைத்தான். ஹாஸ்டலில் பிராணி வளர்க்க அனுமதிப்பதில்லை. தெரியாமல் கொண்டுபோய் கட்டிலுக்கடியில் வைத்தால் அறைத் தோழர்களுக்குத் தொல்லை. பிடிபட்டால் ஒரே இரவில் முயலை வெளியேற்ற வேண்டும். அந்த இரவில் அது எங்கே போகும்?

வெளியே வீடு எடுத்துத் தங்குபவர்களுக்கு இது சாத்தியம்தான். ஆனால் வீட்டுக்காரரின் அனுமதி, அறைத் தோழர்களின் சம்மதம், பகலில் கல்லூரியில் இருக்கும்போது அறையின் வெப்பம், விடுமுறைக்கு ஊர் வரும்போது செய்ய வேண்டிய ஏற்பாடு ஆகிய நான்குக்கும் விடை வேண்டும். முதல் செமஸ்டரில் பிள்ளைக்கே எல்லாம் புதிது. அந்த அரையாண்டு முயல் வீட்டிலேயே இருக்கட்டும். நிலைமை பிடிபட்ட பிறகு யோசிக்கலாம். பழகிய இடத்தைவிட்டு மாறுவதே முயலுக்குப் பெரிய பயம். ஒவ்வொரு விடுமுறைக்கும் பேருந்தில் அதைத் தூக்கிக்கொண்டு அலைவது நல்லதல்ல.

யாராலும் முடியாது என்றால்

அப்போது வேறு நல்ல வீடு தேடுவதே கடமையை நிறைவேற்றும் வழி. முதலில் சொந்தபந்தங்களில், ஏற்கெனவே முயல் வளர்க்கும் குடும்பங்களில் கேளுங்கள். வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். கூண்டு, தீனி, எடை எழுதிய நோட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். 'ஒரு மாதத்தில் ஒத்துவரவில்லை என்றால் எங்களிடமே திருப்பித் தாருங்கள்' என்று சொல்லிக் கொடுங்கள். ஏற்கெனவே முயல் இருக்கும் வீட்டில் உடனே ஒரே கூண்டில் விடக் கூடாது. ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் வைத்து மெல்லப் பழக்க வேண்டும். இத்தனையும் செய்யக் காலம் வேண்டும் என்பதால், கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

வயலிலோ காட்டிலோ கொண்டுபோய் விடுவது விடுதலை அல்ல. பூனையை அடைத்துவைத்த பெண் அதைத் திறந்துவிட்டிருந்தால் அது தேடித் தின்றிருக்கும். கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த முயலுக்குத் தேடித் தின்னவும் தெரியாது, ஒளியவும் தெரியாது. நாய்க்கோ கீரிக்கோ காகத்துக்கோ அன்றைக்கே இரையாகும். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவும், பசியாலோ தாகத்தாலோ வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றமாகவே சொல்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். முயல் ஹலாலான பிராணி. மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் பிடித்த முயலை அபூதல்ஹா (ரலி) அவர்கள் அறுத்து, அதில் ஒரு பகுதியை அனுப்பியபோது நபியவர்கள் ஏற்றுக்கொண்டதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். எனவே 'அறுத்துச் சமைத்துவிடலாமே' என்று பெரியவர்கள் சொல்வதில் மார்க்கக் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அந்த முயல் பிள்ளையின் சொத்து. சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் அதை அறுக்க நமக்கு உரிமை இருக்கிறதா? அறுத்துவிட்டு, 'கூண்டு திறந்திருந்தது, ஓடிவிட்டது' என்று போனில் சொன்னால் அது பொய்யும் ஆகிறது. அடுத்த விடுமுறையில் உண்மை தெரியவரும்போது, பிள்ளை இழப்பது முயலை மட்டுமல்ல. வீட்டின் மீதிருந்த நம்பிக்கையையும்தான். முகத்துக்கு நேராகக் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் வேறு வீடு தேட அவகாசம் கொடுங்கள்.

தூரத்திலிருந்து செய்யக்கூடியவை

கல்லூரிக்குப் போன பிள்ளைகளே, உங்களுக்கும் சில வார்த்தைகள். வாரம் ஒருமுறை வீடியோவில் முயலைப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும் மாற்றங்கள் இருக்கலாம். ஆனால் முயலை விசாரிக்கும் முன் உம்மாவை விசாரியுங்கள். 'ஏன் கூண்டு அழுக்காக இருக்கிறது?' என்று அதிகாரம் செய்யாதீர்கள். அவர்கள் உங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தால் முதல் நாளிலிருந்தே கூண்டு சுத்தம் செய்வதும் நகம் வெட்டுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து வரும்போது முயல் உங்களிடம் ஓடி வராமல் இருக்கலாம், தம்பியிடம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வருந்தாதீர்கள். அது நன்றாகக் கவனிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பெற்றோர்களே, முயல் நோயுற்றாலும் இறந்துவிட்டாலும் 'தேர்வு முடியட்டும்' என்று மாதக்கணக்கில் மறைக்காதீர்கள். தேர்வுக்கு முந்தைய இரவாக இருந்தால் ஒருநாள் பொறுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். 'ஒரு முயலுக்கா இந்த அழுகை?' என்றும் கேட்காதீர்கள். அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சிட்டு இறந்துபோய் அவர் வாடியிருந்தபோது, நபியவர்கள் அவரிடம் அந்தச் சிட்டைப் பற்றியே பரிவோடு விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்திய அவர்கள் ஒரு சிறுவரின் பறவையைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இன்னும் வாங்காதவர்களுக்கு

பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை முயல் கேட்டு அடம்பிடித்தால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'நீ கல்லூரிக்குப் போனபிறகு இதை யார் பார்ப்பது?' அந்தப் பெயருக்கு உரியவர் அங்கேயே இருந்து, 'நான் பார்க்கிறேன்' என்று சொன்னால் வாங்குங்கள். இல்லையென்றால் தெருப் பூனைக்குத் தினமும் சோறு வைக்கட்டும். மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கட்டும். உயிர்களிடம் காட்டும் ஒவ்வொரு இரக்கத்திலும் நன்மை உண்டு. அவற்றை ஊருக்குப் போகும்போது அப்படியே விட்டுச் செல்லலாம். முயலை அப்படி விட்டுச் செல்ல முடியாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இந்த வாரமே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். பெயர், செலவு, மருத்துவரின் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூண்டின் அருகே ஒட்டுங்கள். அமானிதத்தைச் சரியாக ஒப்படைத்துவிட்டுப் போகும் பிள்ளைக்குப் படிப்பிலும் மனம் நிம்மதியாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.